வண்டி பத்து கிளம்பும் முன்

எங்கள் நகரத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு எழுதிவைத்த முதல் விதி, சாலையின் வலது பக்கமாகப் போக வேண்டும் என்பது. நகரம் என்றால் பெரம்பலூர் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு நகரம். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறவர்கள் கட்டியது. கடற்கரை, மலை, மேம்பாலம் எல்லாம் உண்டு, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு மட்டும் கிடையாது. அந்த நகரத்தில் தமிழ் பேசுகிற ஒரு கூட்டம் குடியேறி, ஒருவர் போலீஸ், ஒருவர் மெக்கானிக், ஒருவர் டீக்கடைக்காரர், நாலு பேர் திருடர்கள் என்று வேஷம் பிரித்துக்கொண்டு வாழ்கிறது. இதில் ஜெயிப்பது தோற்பது எதுவும் இல்லை. எடுத்த வேஷத்துக்குத் தகுந்தபடி நடக்க வேண்டும், பேச வேண்டும். ரோல்பிளே என்பார்கள். நான் அங்கே ஆம்புலன்ஸ் டிரைவர்.

அந்த ஊரில் போக்குவரத்து வலது பக்கம். சாதாரணமாக ஓட்டும்போது நம் ஆட்களுக்கு அது நினைவிருக்கும். சைரனைப் போட்டு அவசரம் என்றதும் பிறந்த ஊர் ஞாபகம் வந்து, கை தானாக இடது பக்கம் ஒடிக்கும். அப்படி ஒருநாள் ஒரு ஆம்புலன்ஸ் இடது பக்கமாகப் பறந்துவந்து, ஒழுங்காக வந்துகொண்டிருந்த இன்னொரு ஆம்புலன்ஸில் மோதியது. இரண்டிலும் அடிபட்டவர்களை ஏற்றிப்போக மூன்றாவது வண்டி வந்தது. அதுவும் இடது பக்கமாகத்தான் வந்தது. அன்றைக்கு எழுதிய விதி அது.

எங்கள் விதிகள் எல்லாமே இப்படி ஒவ்வொரு கூத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை. நோயாளியோடு ஒரே ஒரு ஆள்தான் வண்டியில் ஏறலாம் என்று ஒரு விதி உண்டு. யாராவது விழுந்துவிட்டால் அவருடைய சிநேகிதர்கள் அத்தனை பேரும் "நாங்களும் வருவோம்" என்று தொற்றிக்கொள்வார்கள். ஒருமுறை நோயாளிக்கே இடமில்லாமல், அவரைத் தரையில் விட்டுவிட்டு உறவினர்கள் மட்டும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது என்று இன்னொரு விதி. திருச்சி ரோட்டில் நாம் பார்க்காததா? நோயாளி விஷயமாகப் போகாதபோது சைரன் போடக் கூடாது. சைரன் போட்டிருந்தாலும் சிக்னலில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். துப்பாக்கிச் சண்டை நடக்கிற தெருவுக்குள் போலீஸ் கூப்பிடும்வரை நுழையக் கூடாது. வண்டியை எப்போதும் ரோட்டைப் பார்த்து நிறுத்த வேண்டும். எனக்கு எல்லாம் மனப்பாடம். அந்த மலை ரோட்டு வளைவுகளில் எனக்கு இணையாக வண்டி ஓட்டுகிறவர் அங்கே யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெருமையை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

ஓட்டுவது பிரச்சினை இல்லை. பேசுவதுதான் பிரச்சினை. எனக்குத் திக்குவாய்.

திக்குவாய் என்றால் ஒரே எழுத்தை நாலு தரம் சொல்வது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. சொல் தொண்டைவரை வந்து நின்றுவிடும். வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. எதிரில் இருப்பவர் நான் யோசிக்கிறேன் என்று நினைப்பார். நான் யோசித்து முடித்து வெகுநேரம் ஆகியிருக்கும். அ, ஆ, இ என்று தொடங்கும் சொற்கள் ஓரளவு வந்துவிடும். க, த, ப என்று வந்தால் கதவு சாத்தியாயிற்று. அந்த எழுத்துகளுக்கு வல்லினம் என்று பெயர் வைத்த புண்ணியவான் நிச்சயம் என் கட்சிக்காரர்தான்.

பிழைப்பையும் வாய்க்கு வேலை இல்லாததாகப் பார்த்தே பிடித்தேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை. லாரி மேடையில் ஏறும். சிவப்பு விளக்கு போட்டால் நிற்க வேண்டும், பச்சை போட்டால் நகரலாம். டிரைவர்களைக் கூப்பிட ஒரு மைக்கும் கொடுத்திருந்தார்கள். அதன்மேல் நான் துண்டு காயப்போடுவேன். வீடு பெரம்பலூரில். அரியலூர் என்று சொல்ல வரும், பெரம்பலூர் வராது. அதனால் சாயங்காலம் பெரம்பலூர் வழியாகப் போகும் ஆத்தூர் பஸ்ஸில் ஏறி, ஆத்தூருக்கே டிக்கெட் எடுத்துப் பெரம்பலூரில் இறங்கிவிடுவேன். ஒரு கண்டக்டர் கேட்டே விட்டார்.

"ஏன் சார், ஆத்தூருக்குன்னு டிக்கெட்டு எடுத்துட்டு எப்பப் பார்த்தாலும் பாதியிலயே எறங்கிடுறீங்க? அந்த ஊருல யார்கிட்டயாச்சும் சண்டையா?"

நான் சிரித்து வைத்தேன். சிரிப்பதற்கு எந்த எழுத்தும் வேண்டாம்.

வெளி உலகத்துக்கு என் வாய் என் மனைவிதான். மளிகைக் கடை, ஸ்கூல் பீஸ், சொந்தக்காரர்களின் போன் எல்லாவற்றுக்கும் அவள் பேசுவாள். நான் முதல் எழுத்தில் நின்றால் மீதியை அவள் சொல்லி முடித்துவிடுவாள். அவள் மட்டுமில்லை, என்னைத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான். பாவம், உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். தப்பாக முடித்தாலும் நான் தலையாட்டிவிடுவேன். ஹோட்டலில் பொங்கல் கேட்கப் போய்ப் பூரி தின்ற காலைகள் எத்தனையோ.

அவள் பெயரும் வல்லினத்தில்தான் தொடங்குகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்துப் புருஷன்மார்களில் பாதிப் பேர் "இந்தா", "இங்க வா" என்றுதான் பெண்டாட்டியைக் கூப்பிடுவார்கள். ஊர் வழக்கம் என் குறையை மூடிவிட்டது. ஆனால் அவளுக்குத் தெரியும். ஒருமுறை அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். அங்கே அக்கா புருஷன் வாய் ஓயாமல் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வீடு வந்து சேலையை மடித்துக்கொண்டே இவள் கேட்டாள்.

"ஏங்க, எம் பேரு நல்லாத்தான இருக்கு?"

நான் தலையாட்டினேன். அவள் மடித்த சேலையை பீரோவில் வைத்துச் சாத்தினாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விளையாட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது மச்சினன் மூலமாக. அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது கம்ப்யூட்டரை எங்களிடம் விட்டுவிட்டு, "சும்மா ஓட்டிப் பாருங்க மாமா" என்று சொல்லிப் போனான். ஷிஃப்ட் முடிந்து வந்த சாயங்காலங்களில் ஓட்டிப் பார்த்தேன். அங்கே மருத்துவக் குழுவில் ஆள் பஞ்சம். வண்டி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன், சேர்த்துக்கொண்டார்கள். பேசச் சொன்னபோது, மைக் ரிப்பேர் என்று டைப் அடித்தேன். என் மைக் அளவுக்கு நெடுநாள் ரிப்பேரில் கிடந்த மைக் உலகத்தில் இருக்காது.

மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்ப்பாள். "நெஜத்துல பைக்க ஸ்டார்ட் பண்ண என்னைய எறங்கித் தள்ளச் சொல்றீங்க. அங்க ஆம்புலன்ஸ் ஓட்டுறீங்களாக்கும்!"

வண்டியில் எனக்கு ஜோடி ஒரு சேலத்துக்காரர். நான் ஓட்டுவேன், அவர் பேசுவார். அவர் கேட்பதற்கு ஹாரன் ஒருமுறை அடித்தால் ஆமாம், இரண்டுமுறை என்றால் இல்லை. எடைமேடையின் விளக்கு பாஷைதான் அது. அவர் மகள் காய்ச்சலில் தொடங்கி மேனேஜர் செய்யும் கொடுமைவரை எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுவார். நான் ஹாரன் அடித்துக் கேட்டுக்கொள்வேன். ஒருநாள் முகவரி கேட்டார். மாம்பழக் காலம். சேலத்து மாம்பழத்தை நினைத்து நாக்கில் எச்சில் ஊற முகவரியைக் கொடுத்தேன். பார்சல் வந்தது. பிரித்தால் மைக் வைத்த ஹெட்போன். "ஒரு மைக் வாங்க வழியில்லாம இருக்கீங்க, மனசு கேக்கலீங்க" என்று செய்தி போட்டிருந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய மாதிரி ஆயிற்று. ஆனாலும் முகம் தெரியாத ஒருவனுக்காக ஒரு மனிதர் கடைக்குப் போய், விலை விசாரித்து, கூரியர் ஆபீஸ் வரிசையில் நின்றிருக்கிறார். அந்த நன்றி எனக்கு இன்றுவரை குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புது விதி வந்தது. குழுவின் தலைமை மருத்துவர் ஒரு பெண். எல்லாரும் அவரை டீச்சர் என்போம், ஏனென்றால் நிஜத்திலும் டீச்சர். வரதராசன்பேட்டைப் பக்கத்தில் ஏதோ பள்ளியில் கணக்கு எடுப்பவர், ஞாயிறானால் சர்ச் பூசை முடிந்த பிறகுதான் விளையாட வருவார். என் வயதுதான் இருக்கும். "செத்த இருங்க, வூட்டுல ஆளு வந்துருக்கு, போயிட்டு வந்துடறேன்" என்று அவர் முதல்முறை சொன்னபோதே, அடடா நம்ம ஊர்க் குரல் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டீச்சருக்குத் தலைவலி வண்டிகள்தான். சாவி கிடைத்தவனெல்லாம் டிரைவர் ஆகிவிடுவான். ஒருவர் ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு கடற்கரையில் காற்று வாங்கினார். ஒருவர் திருட்டுக் கும்பலைத் தப்பவைத்தார். இன்னொருவர் நகரத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அதில் ஏற்றி, சைரனோடு ஊர்வலம் விட்டார். போதும் போதும் என்றாகி டீச்சர் எழுதினார்: வண்டி நகர்வதற்கு முன், ஓட்டுகிறவரே தன் வாயால் ரேடியோவில் சொல்ல வேண்டும். வண்டி எண், போகிற இடம், போகிற காரணம், கடைசியில் 'முடிந்தது'. சொல்லாமல் நகர்ந்தால் சாவி பறிக்கப்படும். டைப் அடித்துச் சொல்வது செல்லாது, ஏனென்றால் டைப் அடித்துக்கொண்டே வண்டி எடுத்த ஒருவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நோயாளிமேல் ஏற்றியிருந்தார்.

நியாயமான விதி. நான் டீச்சராக இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் எனக்குக் கொடுத்திருந்த வண்டி பத்தாம் எண். ப.

போதாக்குறைக்குச் சேலத்துக்காரருக்கு வேலை நேரம் மாறி, அவர் வருவது நின்றது. நான் தினமும் போவேன், வண்டி எடுக்க மாட்டேன். கேரேஜில் நின்று மற்றவர்களின் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருப்பேன். நிஜ வாழ்க்கையில் எத்தனையோ இடங்களில் வாயால் கெட்டிருக்கிறேன். ஆனால் சைரன் போட்டு, எல்லாரும் ஒதுங்கி வழிவிட, யாருக்காவது உதவப் பறந்துபோகிற அந்த ஒரு மணி நேரத்தையும் என் வாய் பிடுங்கிக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. அழுகை வந்தது என்றே சொல்லிவிடுகிறேன். டீச்சர் செய்தி போட்டார்: மைக் வந்துடுச்சுன்னாங்க, அப்புறம் ஏன் வண்டி எடுக்கறதில்ல? நான் பதில் போட்டேன்: பழகிட்டு எடுக்கறேன்.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது.

எடைமேடையில் கம்ப்யூட்டருக்கும் விளக்குக்கும் துண்டு போர்த்திய மைக்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு மத்தியானமே வீடு வந்துவிட்டேன். வீட்டில் என் பைக்குக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. மனைவி கொண்டைக்கடலை சுண்டல் செய்துகொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டு நகரத்துக்குள் போனேன். அங்கே எங்கள் ஆட்களும் பூஜைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ்களுக்குப் பூஜை போட வேண்டும் என்று குழு முழுக்க ஒரே பிடிவாதம். டீச்சர் வேதக்காரர், ஆனாலும் "போடுங்க, யாரு வேணாம்னா" என்று விட்டுவிட்டார். நகரத்தில் எலுமிச்சம்பழம் கிடைக்காது, ஆரஞ்சைச் சக்கரத்தின் அடியில் வைத்தார்கள். கற்பூரத்துக்குப் பதில் போலீஸ்காரர் ஒருவர் சிவப்பு வெளிச்சப் புகைக்குச்சி கொண்டுவந்தார். கேரேஜுக்குள் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல், அழகாக நிறுத்தியிருந்தார்கள். எந்த வண்டி எங்கே என்று கை காட்டி அந்த வரிசையை நிறுத்தவைத்தவனே நான்தான். என் வண்டிக்கு மட்டும் உள்ளே இடம் இல்லாமல் வாசலுக்கு வெளியே நின்றது. நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்துக்கு நடுவே நின்றால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்ற பயம்.

அப்போது அழைப்பு வந்தது. மலை ரோட்டில் ஒருவர் பைக்கிலிருந்து பள்ளத்தில் விழுந்து கிடக்கிறார். நகரத்துக்கு அன்றைக்குத்தான் வந்த புது ஆள். "ஹலோ ஆம்புலன்ஸா? யாராச்சும் இருக்கீகளா?" என்று மதுரைப் பக்கத்துக் குரல். அந்த நகரத்துச் சட்டப்படி, விழுந்தவர் நாங்கள் போய்ச் சேரும்வரை அப்படியே கிடக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் யாரும் போகாவிட்டால் அவர் நினைவெல்லாம் அழிந்து, புது மனிதராக எழ வேண்டும்.

கேரேஜில் எல்லாரும் வண்டிக்கு ஓடினார்கள். வாசலை அடைத்து நின்ற முதல் வண்டி நகரவில்லை. அதன் டிரைவர் வண்டியைப் பூட்டிவிட்டு, நிஜத்தில், தன் வீட்டில் சுண்டல் சாப்பிடப் போயிருந்தார். அவர் வராமல் அது நகராது, அது நகராமல் மற்ற எதுவும் நகராது. ஊரில் உள்ள அத்தனை ஆம்புலன்ஸும் பொட்டும் பூவுமாக உள்ளே மாட்டிக்கொண்டது. ரேடியோவில் ஒரே இரைச்சல். "யோவ், அவருக்கு போன் பண்ணுங்கய்யா!" "நம்பர் யார்கிட்ட இருக்கு?" "ஆரஞ்ச எடுங்கப்பா முதல்ல!" நடுவே அந்தப் புது ஆளின் குரல். "அண்ணே, யாராச்சும் வர்றீகளா?"

வெளியே இருந்தது என் வண்டி ஒன்றுதான். ரோட்டைப் பார்த்து, விதிப்படி நின்றிருந்தது. சொல்லாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். சாவிதானே போகும்? ஆனால் என்ன காரணமோ, எனக்கு அன்றைக்கு அந்த விதிப்படியே போக வேண்டும் என்று இருந்தது. எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள், நானும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சேலத்துக்காரர் அனுப்பிய மைக்கை வாய்க்கு நேராக இழுத்துவைத்துக்கொண்டு ரேடியோ பட்டனை அழுத்தினேன்.

"வண்டி" என்றேன். அது வந்தது. அப்புறம் கதவு சாத்திக்கொண்டது.

இரைச்சலில் யாரும் கவனிக்கவில்லை. பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கழுத்து நரம்பு புடைத்தது, கண் இருட்டியது. யாரோ ஒருவர் கேட்டுவிட்டு, வழக்கம்போல உதவிக்கு வந்தார். "யாரு, பத்தா? வண்டி பத்து தான? எங்க..."

"இருங்க" என்றார் டீச்சர். கத்தவில்லை. "எல்லாரும் ரேடியோவ விடுங்க. ஒரு வண்டி பேசுது. அவரு சொல்லட்டும்."

ரேடியோ அமைதியானது. அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. என் வாழ்க்கையில் நான் திக்கி நிற்கும்போது சுற்றிலும் எப்போதும் ஏதாவது சத்தம் இருக்கும். சிரிப்பு, உச்சுக்கொட்டல், சொல்லை முடித்துக் கொடுக்கும் அவசரம். இங்கே அத்தனை பேர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஒருவரும் மூச்சு விடாமல், எனக்காகச் சும்மா இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரம் முழுக்க என்னுடையது என்பது மட்டும் தெரிந்தது. தொண்டை தானாக இளகியது.

"பத்து. மலை ரோடு. பைக்ல விழுந்தவரு. போயிட்டு வரேன். முடிஞ்சது."

இடையிடையே இன்னும் இரண்டு இடத்தில் நின்றேன். யாரும் உள்ளே வரவில்லை.

"சரி. போயிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அப்படிச் சைரனை அலறவிட்டுக்கொண்டு போனேன். வலது பக்கமாகத்தான் போனேன். சிக்னலில் ஒரு கணம் நின்று பார்த்தேன். பள்ளத்தில் புது ஆள் கிடந்தார். நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நினைவு தப்ப விடக் கூடாது என்பதும் விதிதான். "பயப்படாதீங்க" என்று சொல்லப் போனேன். மறுபடி ப. வாயைத் திறந்தபடி நின்றேன்.

அவர் எடுத்த வேஷத்தை விடாமல், வலியில் முனகிக்கொண்டே சொன்னார். "சொல்லுங்கண்ணே, மெதுவாச் சொல்லுங்க. காலு ஒடிஞ்சு கெடக்கேன், நான் எங்க போகப் போறேன்?"

சிரித்துவிட்டேன். சிரித்ததில் சொல் வெளியே வந்தது.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினால், பின்னால் மனைவி சுண்டல் கிண்ணத்தோடு நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

"யாருங்க அது, அவரு சொல்லட்டும்னு சொன்னது?"

நான் ஹெட்போனைப் போட்டிருந்தாலும் சத்தம் வெளியே கேட்கிற அளவுக்கு வைத்திருப்பேன் போலிருக்கிறது. டீச்சர் என்றேன். டீயும் வல்லினம்தான். ஆனால் வந்தது. அவள் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"நான் ஒருநாளும் உங்கள அப்படிச் சொல்ல விட்டதில்லல்ல" என்றாள்.

இல்லை, நீ அன்பால் செய்தாய், நீ மட்டும் இல்லையென்றால் நான் பட்டினி கிடந்திருப்பேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு நீளமான வாக்கியம் அன்றைக்கு என்னிடம் இல்லை. சுண்டலை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் விதிகளில் இரண்டு சேர்ந்திருந்தன. ஒன்று, ஆயுத பூஜை உட்பட எந்தப் பூஜைக்கும் எல்லா வண்டிகளையும் ஒன்றாக நிறுத்தக் கூடாது, ஒரு வண்டியாவது ரோட்டில் இருக்க வேண்டும். அடுத்தது இப்படி இருந்தது: ரேடியோவில் ஒருவர் பேசத் தொடங்கினால் அவர் 'முடிந்தது' என்று சொல்லும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அவர் சொல்லை வேறொருவர் முடித்துக் கொடுக்கக் கூடாது. யாருக்காக, எதற்காக என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாருக்குமான விதி. மலை ரோட்டுப் புது ஆளுக்கும் சேர்த்துத்தான்.

நான் டீச்சருக்கு நன்றி சொல்லி நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். என் மைக் ரிப்பேரின் உண்மைக் கதையையும் எழுதினேன். அவர் பதில் போட்டார்: "உங்களுக்குன்னு சொல்லலீங்க. கிளாசுல ஒரு புள்ள பதில் சொல்ல எந்திரிச்சா மத்ததெல்லாம் கத்தும். தினமும் சொல்றதுதான், பழக்கத்துல வந்துடுச்சு." கீழே இன்னொரு வரி: "மைக் நல்லா வேலை செய்யுது."

அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை நினைத்துப் பொறாமைப்பட்டேன். என் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. பரவாயில்லை, தாமதமாகவாவது கிடைத்ததே. விளையாட்டில் நேரம் போக்குகிறவர்கள் என்று ஊர் சொல்கிற ஒரு கூட்டம் எனக்கு அதைக் கொடுத்தது.

அதற்குப் பிறகு என் திக்கல் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் வேடிக்கை நடந்தது. மனைவி என்னோடு ஹோட்டலுக்கு வந்தால், சர்வர் பக்கத்தில் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நான் திக்கி நிற்க, அவள் கண்ணெல்லாம் பிதுங்கி, சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் தவிப்பதைப் பார்த்தால், திக்குவாய் எனக்கா அவளுக்கா என்று சர்வருக்கே சந்தேகம் வந்துவிடும். ஆனால் பொங்கல் கேட்டால் பொங்கல் வந்தது.

ஆத்தூர் பஸ்ஸிலும் ஒருநாள், சண்டையா என்று கேட்ட அதே கண்டக்டர் வந்தார். "வழக்கம்போல ஆத்தூர்தான?" என்று டிக்கெட்டைக் கிழிக்கப் போனார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கை காட்டினால் லாரியே நிற்கும், கண்டக்டர் நிற்க மாட்டாரா? அவர் பையை அணைத்துக்கொண்டு நின்றார். நடுவழியில் வரும் குன்னம் தாண்டுவதற்குள் பெரம்பலூர் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சூட்டோடு வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் மனைவி இல்லை. பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் பின்பக்கம் போய், சற்றுத் தள்ளி நின்று, அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

முதல் எழுத்திலேயே நின்றது. வாய் திறந்தபடி நின்றேன்.

பக்கத்து வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தார். பாவம், நல்ல மனுஷி. "என்ன தம்பி, உங்க வூட்டுக்காரியத் தேடுறீங்களா? இந்தா நிக்குதுல்ல. ஏ புள்ள..."

"இருங்கக்கா" என்றாள் என் மனைவி. ஈரச் சட்டை ஒன்று அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். "அவரு சொல்லட்டும்."

சட்டையிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது. அவள் அதைப் பிழியவும் இல்லை, கொடியில் போடவும் இல்லை. அக்கா தேய்ப்பதை நிறுத்திவிட்டார். நான் சொன்னேன். முழுப் பெயரையும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொன்னேன்.

"சொல்லுங்க, என்ன?" என்றாள்.

என்னிடம் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை. அதற்காகத்தான் கூப்பிட்டேன்.

"முடிஞ்சது" என்றேன்.